ஒரு கேள்வி, ஒரு பதில்

இல்லக்கா, நான் காலேஜ் படிக்கிற பொண்ணு இல்லை. படிச்சு முடிச்சாச்சு. இனிமேதான் மறுபடியும் படிக்கப் போறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். இந்த ஃபைலை எதுக்கு மடியிலேயே வச்சிருக்கான்னு பாக்கறீங்க, இல்லையா? பஸ்ல மேல் தட்டுல வைக்க மனசு வரலை. சாதிச் சான்றிதழ், பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, ஆறாம் வகுப்புலேர்ந்து அரசுப் பள்ளியிலதான் படிச்சேன்னு ஹெட்மாஸ்டர் குடுத்த கடுதாசி, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலையில சென்னையில கவுன்சிலிங். எம்.பி.பி.எஸ்.

ஆமா, டாக்டருக்குத்தான். வயசு இருபத்தஞ்சு ஆகுது. பரீட்சை எழுத வயசு வரம்பு இல்லைக்கா. எல்லாரும் இதைத்தான் முதல்ல கேக்கறாங்க. அடுத்தது கல்யாணத்தைக் கேப்பாங்க. நீங்க கேக்கலை, அதனால உங்களைப் பிடிச்சிருக்கு.

அதுக்கு முன்னாடி பி.ஃபார்ம் முடிச்சேன். மருந்து படிப்பு. நாலு வருஷம். எங்க வீட்ல பட்டம் வாங்கின முதல் ஆள் நான்தான். அப்பா மண்டியில மூட்டை தூக்கறவரு. அம்மா தெருவெல்லாம் "எம்பொண்ணு மருந்து டாக்டரு"ன்னு சொல்லி வச்சிருந்தாங்க. லீவுல வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுக்காரங்க கையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க, நாடி பாருன்னு. "ஊசி போடுவியா?" "போட மாட்டேங்க." "மருந்து எழுதுவியா?" "எழுத மாட்டேங்க." "அப்புறம் நாலு வருஷம் என்னதாம்மா படிச்சே?" ஒரு மாத்திரை உள்ள போனா எங்கெங்க போகும், எத்தனை மணி நேரம் இருக்கும், எதோட சேர்ந்தா கெடுதல் பண்ணும்னு எனக்குத் தெரியும். எழுதற டாக்டருக்கே அவ்வளவு தெரியாது. இதை நான் பெருமைக்குச் சொல்லலை.

முடிச்ச உடனே ஓசூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மருந்தகத்துல சேர்ந்தேன். ஒரு நாள் மருந்துச் சீட்டு ஒண்ணு வந்துச்சு. குழந்தைக்கு. பெரியவங்களுக்குப் போடற அளவை எழுதியிருந்தாங்க. உடனே டூட்டி டாக்டருக்கு போன் பண்ணினேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு.

"சார், இந்தக் குழந்தைக்கு டோஸ் அதிகமா இருக்கே."

"நீ யாரு?"

"பார்மசிஸ்ட் சார்."

"அப்ப எழுதினதை எடுத்துக் குடு."

வச்சுட்டாரு. நான் குடுக்கலை. கவுன்ட்டர்ல அந்தத் தகப்பன் கத்தறாரு, மேனேஜர் வந்து முறைக்கிறாரு, நான் குடுக்கலை. பத்து நிமிஷம் கழிச்சு நர்ஸ் வேற சீட்டு கொண்டு வந்தாங்க. டோஸ் சரியா இருந்துச்சு. அந்தச் சீட்டுல என் பேரு எங்கயும் இல்லை. அன்னைக்கு முடிவு பண்ணினேன். எழுதற கையாத்தான் இருக்கணும். எடுத்துக் குடுக்கற கையா இருக்கக் கூடாது.

ஆனா பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து படிக்க முடியுமா? முடியலை. முதல் வருஷம் எழுதினேன், போச்சு. நூத்திஎண்பது கேள்வி, சரியா இருந்தா நாலு மார்க்கு, தப்பா இருந்தா ஒண்ணு கழிச்சுடுவாங்க. நான் ரொம்ப யோசிப்பேன். யோசிச்சே நேரம் போயிடும். கோச்சிங் சென்டர்ல சார் சொன்னாரு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததை நினைக்காதே. உன் வியாதியே அதுதான்"னு.

வேலையை விட்டா வீட்டுக்கு என்ன வழின்னு யோசிச்சப்பதான் வையாபுரி அண்ணன் வந்தாரு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கறவரு. அப்பாவை நல்லாத் தெரியும். "பாப்பா படிக்கட்டும். சர்டிபிகேட்டு மட்டும் என் கடையில தொங்கட்டும். மாசம் பொறந்தா பணத்தை உங்க கையில குடுத்துடறேன்"னு அப்பாகிட்ட சொன்னாரு.

உங்களுக்குத் தெரியாதாக்கா? மருந்துக்கடை நடத்தணும்னா படிச்சுப் பதிவு பண்ணின பார்மசிஸ்ட் ஒருத்தர் கடையில இருக்கணும். சட்டம் அது. படிச்சவங்க சர்டிபிகேட்டை வாடகைக்குக் குடுத்துட்டு வேற வேலைக்குப் போயிடுவாங்க. கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிடுவாரு. கல்யாணம் ஆகி துபாய் போனவங்க சர்டிபிகேட்டெல்லாம் இங்க தொங்கிக்கிட்டு இருக்கு. எங்க தெருவுல மட்டும் ஆறு கடை. எதுலயும் ஆள் கிடையாது. நீங்க மருந்து வாங்கற கடையில போய்ப் பாருங்க, சுவத்துல இருக்கற மூஞ்சி கவுன்ட்டர்ல இருக்கான்னு.

ஆனா நான் அவங்களை மாதிரி சும்மா இருக்கலைக்கா. அதைத்தான் யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க. நான் ஒரு கண்டிஷன் போட்டேன். "கடையில சந்தேகம் எதுவா இருந்தாலும் எனக்கு வாட்ஸாப்ல அனுப்பணும். நான் சொன்னதுக்கு அப்புறம்தான் குடுக்கணும்"னு. வையாபுரி அண்ணன் சிரிச்சாரு. "இப்படிச் சொன்ன முதல் பார்மசிஸ்ட் நீதான் பாப்பா."

கடையில இருந்தது சரசக்கா. பதினாலு வருஷமா அதே கவுன்ட்டர். பத்தாவது பெயிலு. ஆனா மருந்து எடுக்கற வேகத்தைப் பாக்கணும், ஏணி போடாமலே எடுப்பாங்க. அட்டை கலரை வச்சே பேர் சொல்லுவாங்க. என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. நான் எது சொன்னாலும் மறுபேச்சு கிடையாது. சீட்டையும் போட்டோ எடுப்பாங்க, மாத்திரை அட்டையையும் எடுப்பாங்க, கூடவே குரல் பதிவு ஒண்ணு அனுப்புவாங்க. அந்தக் குரல் பதிவு இருக்கே, அது ஒரு ராமாயணம். "பாப்பா, இவங்க யாரு தெரியுமா, நம்ம பால் சொசைட்டிக்காரர் மாமியா. நேத்துலேர்ந்து தலை சுத்தாம். மருமவ சோறு போடறதில்லைன்னு அழுவறாங்க." நாலு நிமிஷம் ஓடும். கேள்வி கடைசி பத்து செகண்டுல இருக்கும்.

முதல்ல எல்லாத்தையும் கேட்டேன். நம்புங்க. ஒரு தடவைகூட நான் தப்பாச் சொன்னதில்லை. ஒரு அம்மா ரெண்டு டாக்டர்கிட்ட வாங்கின ஒரே மாத்திரையை வேற வேற பேர்ல போட்டுக்கிட்டு இருந்ததைக்கூடக் கண்டுபிடிச்சேன்.

பரீட்சை கிட்ட வர வர முடியலைக்கா. தினம் ஒரு மாடல் டெஸ்ட். ஒரு நாளைக்கு இருபது குரல் பதிவு. ஜனவரியில நானே போன் பண்ணிச் சொன்னேன்: "சரசக்கா, எனக்குப் படிக்கணும். கதை வேண்டாம். குரல் பதிவே அனுப்பாதீங்க. எழுதி அனுப்புங்க. ஒரு கேள்வி, ஒரு பதில். அவ்வளவுதான்."

"சரி பாப்பா. நீ படி. உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது"ன்னாங்க. அதுக்கப்புறம் அப்படியேதான் பண்ணினாங்க. சொன்ன சொல் தவறலை, அதைச் சொல்லணும்.

நம்ம பக்கம் மாங்கூழ் கம்பெனி இருக்கு தெரியுமில்ல? சீசன்ல பொம்பளைங்க வரிசையா உட்காந்து மாங்கா நறுக்குவாங்க. அங்க வேலை பாக்கற ஒரு பேஷன்ட். ஐம்பத்தெட்டு வயசு. முனியம்மான்னு பேரு. கை மூட்டெல்லாம் வீங்கி, விரல் மடங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி மூட்டுவாதத்துக்கு எழுதி வாங்கிட்டு வந்திருக்காங்க. அதுல ஒரு மாத்திரை, மீத்தோட்ரெக்சேட். அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். ஒரே ஒரு நாள். தினமும் போட்டா ரத்தத்துல அணுவெல்லாம் குறைஞ்சுபோகும், வாயெல்லாம் புண்ணாகும், ஆள் பிழைக்கறதே கஷ்டம். காலேஜ்ல இந்தக் கேள்வி வந்துச்சு எனக்கு. முழு மார்க்கு வாங்கினேன்.

அது ஏப்ரல் மாசம். மத்தியான இடைவேளை. தட்டுல சோறு, பக்கத்துல இயற்பியல் நோட்டு. போன் மினுக்குச்சு. சரசக்கா. அட்டையோட போட்டோ ஒண்ணு. கீழ எழுதியிருந்தாங்க: "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் போட்ட பதில்: "பின்னாடி."

சரியாத்தானே சொன்னேன்? நீங்க யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வயித்தைப் புரட்டும், அதனால சாப்பிட்டுப் போடறது நல்லதுன்னுதான் சொல்லுவாங்க.

சீட்டு போட்டோ இல்லை. ஆமா. நான் கேக்கலை. அவங்களும் அனுப்பலை. எத்தனை நாளுக்கு ஒண்ணுன்னு அவங்க கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

கடையில மாத்திரை போட்டுக் குடுக்கற காகிதக் கவர் பாத்திருப்பீங்க. மூணு கட்டம் இருக்கும். காலை, மதியம், இரவு. வாரத்துக்கு ஒண்ணுக்கு அதுல கட்டம் கிடையாது. சரசக்கா இரவுங்கற கட்டத்துல ஒரு டிக் போட்டாங்க. கீழ 'சாப்பிட்ட பின்'னு எழுதினாங்க. நான் சொன்னதை அப்படியே எழுதினாங்க. அந்த பேஷன்ட் தினமும் ராத்திரி சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டாங்க. நம்ம ஜனங்க ரெண்டு நாள் போட்டு நிறுத்திடுவாங்க இல்லையா, எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இவங்க நிறுத்தலை. சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள விரல் மடங்கணும்னு ஒரு நாள் விடாம போட்டிருக்காங்க. என் ராசியைப் பாருங்க.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு சரசக்கா மறுபடியும் அனுப்பினாங்க. "ஒரு அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு. என்ன குடுக்கலாம்?" நான், "பி காம்ப்ளக்ஸ், பத்து நாள்." பரீட்சைக்கு ஆறு நாள் இருந்துச்சு அப்ப.

இல்லக்கா, அதே அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க எழுதலையே. நான்தான் கதை வேண்டாம்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அவங்க கதை சொல்லலை. வேற என்ன மாத்திரை போடறாங்கன்னு நான் கேட்டிருக்கலாம்னு நீங்க நினைக்கறீங்க. முகத்துலயே தெரியுது. நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் யாரு வேணும்னாலும் அதைச் சொல்லலாம்.

ஞாயித்துக்கிழமை பரீட்சை. நல்லா எழுதினேன். முதல் தடவையா நேரம் மிச்சம் இருந்துச்சு. வெளிய வந்து அப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். செவ்வாய்க்கிழமை அந்த பேஷன்ட் இறந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில கவரைப் பாத்த உடனே டாக்டருக்குப் புரிஞ்சுபோச்சு. போலீஸுக்கும் தகவல் போச்சு, மருந்து ஆய்வாளருக்கும் போச்சு.

ஆய்வாளர் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி வையாபுரி அண்ணன் எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. பையில என் சர்டிபிகேட்டு, சட்டத்தோட. சுவத்துல இருந்து கழட்டிக் கொண்டுவந்திருந்தாரு. கூட ஒரு வெள்ளைப் பேப்பர். நான் வேலையிலேர்ந்து நின்னுக்கறேன்னு எழுதியிருந்துச்சு.

"பாப்பா, கையெழுத்து மட்டும் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அப்பா, "போடலாமா?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சேன். நின்னுக்கறேன்னுதான் இருந்துச்சு. நான் நிக்கறதாத்தானே இருந்தேன்? ரிசல்ட்டு வந்தா நிக்கத்தானே போறேன்? அதுல பொய் ஒண்ணும் இல்லை. போட்டேன். தேதி நான் போடலைக்கா. தேதியை அவருதான் போட்டாரு. மார்ச் மாசத்துத் தேதி. எனக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயசுலேர்ந்தே. அம்மாவைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆய்வாளர் ஒரு மேடம். மரியாதையாத்தான் பேசினாங்க.

"ஏப்ரல் பதினஞ்சாம் தேதி நீங்க கடையில இருந்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அந்த மாத்திரையை நீங்க எடுத்துக் குடுத்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாரத்துக்கு ஒரு தடவை மேடம்."

"தெரிஞ்ச நீங்க அங்க இருந்திருந்தா ஒரு உசிரு போயிருக்காதும்மா"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எல்லாமே உண்மைக்கா. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லலை. போன்ல ஏதாச்சும் சொன்னியான்னு அவங்க கேக்கலை.

சரசக்கா மேல கேஸ் போட்டாங்க. பார்மசிஸ்ட் இல்லாம மருந்து குடுத்தது, உசிரு போனது. பதினேழு நாள் சேலத்துல உள்ள இருந்தாங்க. கடையை ஒரு மாசம் மூடி வச்சாங்க. இப்பத் திறந்தாச்சு. வேற ஒருத்தரோட சர்டிபிகேட்டு தொங்குது.

அந்த ரெண்டு மாசம் நான் பட்ட பாடு இருக்கே. சோறு இறங்கலை. போலீஸ் ஜீப்பு சத்தம் கேட்டாலே எழுந்து கதவைச் சாத்துவேன். எல்லாரும் சரசக்காவைப் பாவம்ங்கறாங்க. என்னை யாரு நினைச்சுப் பாத்தாங்க? மூணு வருஷம். அப்பா முதுகு வளைஞ்சுபோச்சு. ஒரு ஆள் ஒரு கவர்ல ஒரு டிக் போட்டதுக்காக என் மூணு வருஷமும் போயிருக்கும்.

போலீஸ் சரசக்கா போனை வாங்கிப் பாத்தாங்களாம். அதுல ஒண்ணும் இல்லை. கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. குரல் பதிவு அனுப்பாதீங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் அனுப்பினது அது ஒண்ணுதான். "பாப்பா, நாம பேசினதெல்லாம் அழிச்சுட்டேன். நீயும் அழிச்சுடு. நீ பரீட்சை எழுதினவ." ஏழு செகண்டு.

நான் அழிங்கன்னு சொன்னேனா? கேட்டேனா? கேக்காததையெல்லாம் அவங்களா பண்ணிட்டு, இப்ப என்னவோ நான் அவங்களுக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிடுச்சு. நானும் அழிச்சேன், இல்லைன்னு சொல்லலை. போன்ல இடம் இல்லை. சர்டிபிகேட்டெல்லாம் போட்டோ எடுத்து வைக்க வேண்டியிருந்துச்சு.

ரேங்க் லிஸ்ட்டு வந்த அன்னைக்கு வந்தாங்க. ஜாமீன்ல வெளிய வந்து மூணு வாரம் இருக்கும். இளைச்சுப் போயிருந்தாங்க. வேலை எங்கயும் குடுக்கலையாம். கையில கால் கிலோ ஜாங்கிரி. அம்மா வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க. கேஸ் இருக்கறவங்க வந்துபோனா நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லுவாங்க இல்லையா? அம்மா பண்ணினதுல தப்பு இல்லை. நானே எழுந்து வெளிய போனேன்.

"டாக்டராயிட்டியா பாப்பா?"ன்னு சிரிச்சாங்க.

"இன்னும் சீட்டு கிடைக்கலைங்கக்கா."

"கிடைக்கும்." ஜாங்கிரியை என் கையில குடுத்தாங்க. அப்புறம், "பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தினம் படுத்தா அதுதான் ஓடுது. அன்னைக்கு அந்த அம்மா சீட்டைத் தொலைச்சுட்டேன்னு சொன்னா. டாக்டரு என்னமோ கிழமை சொன்னாரு, மறந்துபோச்சுன்னா. அதை உனக்குச் சொல்லணும்னுதான் போனை எடுத்தேன். நீ கதை வேண்டாம்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன். நான் கேட்டது தப்பா, கேக்காதது தப்பா?"

இதுக்கு நான் என்ன சொல்றதுக்கா? ரெண்டே ரெண்டு ஆப்ஷன் குடுத்தா? ரெண்டுமே இல்லைன்னு ஒண்ணு இருக்கணுமா இல்லையா? இது மாதிரி கேள்வியைத் தொடாம விட்டுட்டுப் போயிடணும்னு கோச்சிங்ல சொல்லுவாங்க. தொட்டாத்தான் மார்க்கு போகும். "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா"ன்னேன். போயிட்டாங்க. ஜாங்கிரியை அம்மா பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் குடுத்துட்டாங்க.

நாளைக்கு ஒரு ஃபாரம் குடுக்கணும். உறுதிமொழி. 'என் மீது குற்ற வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை'. நேத்தே எடுத்துப் பூர்த்தி பண்ணிட்டேன். அதுலயும் பொய் இல்லை. என் மேல வழக்கு இல்லையே. ஆனா பாருங்க, மத்த ஃபாரம் எல்லாம் ஒரே தடவையில எழுதினேன். இது மட்டும் மூணு தடவை தப்பாப் போச்சு. பேனா சரியில்லை.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? உங்க பொண்ணும் இந்தப் பரீட்சைக்குத்தான் படிக்கறான்னீங்களே. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லுங்க. நல்லா வருவா.

ஆம்பூர் தாண்டி வண்டியை நிறுத்திட்டாரு பாருங்க. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷமாம். நான் இறங்கலை, கட்டிக் கொண்டாந்திருக்கேன்.

மாத்திரையா அது? சுகருக்கா? குடுங்கக்கா, பாக்கறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு பாத்துச் சொல்றேன். காசா பணமா. கவர்ல எழுதியிருக்கறது எனக்கு நல்லாப் புரியும்.

ஏன் ஜிப்பை மூடறீங்க?

சரி. வேண்டாம்னா வேண்டாம். டாக்டர் சொன்னதே போதும்தான்.

பையை வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். ஓ, எடுத்துட்டே போறீங்களா. சரிக்கா. திரும்பி இந்த சீட்டுக்குத்தானே வருவீங்க? முன்னாடி ரெண்டு சீட்டு காலியா இருக்கு, பாத்தேன். அங்க உட்காராதீங்க. அந்தப் பக்கம் சென்னை வரைக்கும் வெயில் அடிக்கும்.